மூன்று முறை வந்த அதே பட்டை

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, ஆறவைத்தாலும் திரும்புவதில்லை. காய்ச்சலின் சூடு அவ்வளவு இல்லைதான். ஆனால் சில டிகிரி கூடினாலே குலையத் தொடங்கும் புரதங்கள் செல்லில் உண்டு. அவற்றை யார் காப்பாற்றுகிறார்கள்?

விடையின் தொடக்கம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில். 1960-களின் தொடக்கத்தில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் பணியாற்றிய ஒருவர் இன்குபேட்டரின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டார். பிறகு பார்த்தால், குரோமோசோமில் முன்பில்லாத இடங்களில் புடைப்புகள். அங்கே மரபணு வேலை செய்கிறது என்று பொருள். மாதிரி கெட்டுவிட்டது என்று அவர் கொட்டிவிடவில்லை. முதலில் அனுப்பிய இதழ் கட்டுரையை ஏற்கவில்லை; 1962-இல் வேறோர் இதழில் வந்தது. அந்த மரபணுக்கள் தரும் புரதங்கள் 1974-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவையே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். குலைந்த புரதத்தைப் பிடித்து, சிக்கவிடாமல் காத்து, மறுபடி மடிய உதவுகின்றன. பாக்டீரியா முதல் மனிதர் வரை எல்லாரிடமும் உண்டு.

திருத்தவே முடியாதவற்றின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் சீட்டுப்போல ஒட்டப்படுகிறது. புரோட்டியசோம் அவற்றைத் துண்டாக்குகிறது. இதற்காக 2004-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஆரன் சீக்கனோவர், மற்றொருவரான அவ்ராம் ஹெர்ஷ்கோவிடம் ஆய்வு மாணவராக இருந்தவர்.

ரிட்டோசா கதையை என் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்வது எளிது.

ஒரு மாணவி ஈஸ்ட் செல்களைச் சூடாக்கி ஆராய்ந்தாள். சூடாக்காத ஒப்பீட்டு மாதிரியிலும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் பட்டை தெரிந்தது. “மாதிரிகளைக் கலந்துவிட்டாய், மறுபடி செய்” என்றேன். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதே பட்டை. பிறகு அவள் என்னிடம் குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தாளைத் தயங்கியபடி நீட்டினாள். குடுவைகள் இருந்த மேற்கு ஜன்னலோரத்தில் மணிக்கு ஒருமுறை வெப்பமானி பார்த்து எழுதிய அளவுகள். மதியம் மூன்று மணிக்கு 39 டிகிரி. என் ஆய்வகம்தான் ஈஸ்டைச் சூடாக்கியிருந்தது. செல்கள் சரியாகவே நடந்துகொண்டன. “முன்பே சொல்லியிருக்கலாமே, அம்மா” என்றேன். “நான் கலக்கவில்லை என்று நீங்கள் நம்பவில்லையே, ஐயா” என்றாள். அதற்குள் படிப்பை விட்டுவிட வீட்டில் பேசியிருந்தாள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

குடுவைகளை இடம் மாற்றினோம். வெப்பமானி அந்த ஜன்னலோரமே தொங்குகிறது, பக்கத்தில் ஒரு குறிப்பேடும். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம் அதில்தான் எழுதுகிறார்கள். வாரக் கடைசியில் நான் போய் உட்கார்ந்து படிக்கிறேன்.