யார் போய்ப் பார்த்தது?

 

பேரண்டம் எப்படித் தோன்றி எப்படி வளர்ந்தது என்பதைத் தமிழ் படிக்கும் எவருக்கும் விளங்கும்படி எழுதுவது எப்படி? இந்த இரண்டு நாள் கருத்தரங்கின் பொருள் இது. தலைமை உரை ஆற்றுபவர் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டவர் ஆய்வாளர் அல்லர், திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் பூ விற்கும் ஓர் அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு. பாதையோரம் தொலைநோக்கி வைத்து, போவோர் வருவோருக்கு வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தோம். கூடையைக் கட்டிவிட்டு வந்த அந்த அம்மா வியாழனின் நான்கு பெரிய நிலாக்களையும் எண்ணி எண்ணிப் பார்த்தார். அந்த உற்சாகத்தில் நான் பெருவெடிப்பு, 1380 கோடி ஆண்டு, விண்மீன் திரள்கள் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் யாரு சார் போயி பாத்துட்டு வந்தது?" என்றார். நான் பதிலுக்கு இன்னும் சில எண்களைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அது மரியாதைக்கான தலையாட்டல் என்று எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் இயற்பியல் கற்பித்தவன், மிக அடிப்படையான கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதிலை இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

யாரும் போகவில்லை. பழைய காலம்தான் ஒளியாக நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவுக்குப் பெயர் தந்த கார்த்திகை மீன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டம் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி பதினாறாம் நூற்றாண்டில் புறப்பட்டது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய நம் ராஜகோபுரம் எழுந்ததும் அதே நூற்றாண்டில்தான். தீபத்தன்று முழுநிலா கார்த்திகைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் மீன்கள் அந்த வெளிச்சத்தில் மங்கிவிடும். தீபம் முடிந்து பத்து நாள் கழித்து, நிலா எழாத முன்னிரவில் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

தொலைவை எப்படி அளந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. மலைத் தீபத்தை ஊருக்குள் நின்று பார்ப்பதற்கும், பல மைல் தள்ளி ஒரு கிராமத்து வயலில் நின்று பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? தீபம் ஒன்றுதான். அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரத்தில் நிற்கிறோம். வானத்தில் அப்படியொரு தீபத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஹென்ரியெட்டா லீவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஒருவகை விண்மீன்கள் சீராகக் கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. அந்தத் துடிப்பு நீள நீள, அவற்றின் உண்மையான ஒளியும் அதிகம் என்று 1912-இல் காட்டினார். அதை வைத்து எட்வின் ஹபிள் 1923-இல் ஆண்ட்ரோமீடாவில் அத்தகைய விண்மீன் ஒன்றைப் பிடித்தார். நம் பால்வெளிக்குள் இருக்கும் புகைமூட்டம் என்று பலர் நினைத்திருந்தது தனியொரு விண்மீன் திரள் என்று தெரிந்தது. அதன் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு. 1929-இல் இன்னொன்றும் புலப்பட்டது: பெரும்பாலான திரள்கள் நம்மைவிட்டு விலகுகின்றன, தொலைவில் உள்ளவை இன்னும் வேகமாக.

இதை விளக்க ஆங்கில நூல்கள் பலூனையும் உலர்திராட்சை ரொட்டியையும் சொல்லும். நமக்கு இட்லி மாவு இருக்கிறது. இரவு கரைத்து வைத்த மாவுக்குள் அங்கங்கே மிளகு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மாவு பொங்கும்போது எந்த மிளகிலிருந்து பார்த்தாலும் மற்ற மிளகுகள் விலகிப் போகும். தள்ளி இருப்பது கூடுதலாக விலகும். மிளகு நீந்திப் போகவில்லை, நடுவிலிருக்கும் மாவுதான் பெருகுகிறது. இந்த உவமையைச் சொல்லும் கையோடு அது எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவுக்குப் பாத்திரமும் விளிம்பும் உண்டு, பொங்கி எழ வெளியே இடமும் உண்டு. பேரண்டத்துக்கு அப்படியொரு வெளிப்புறம் இருப்பதாக நம் கோட்பாட்டில் இல்லை.

இங்கே 'பெருவெடிப்பு' என்ற சொல்லைப் பற்றி என் மனக்குறையைச் சொல்ல அனுமதியுங்கள். ஆங்கிலப் பெயரை 1949-இல் பிபிசி வானொலியில் முதலில் சொன்னவர் ஃபிரெட் ஹாயில். அந்தக் கோட்பாட்டை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. தமிழில் 'வெடிப்பு' என்றதும் பிள்ளைகள் மனத்தில் அணுகுண்டு விழுகிறது. "எந்த இடத்தில் சார் வெடித்தது?" என்று கேட்கிறார்கள். எந்த ஓர் இடத்திலும் அல்ல, எல்லா இடத்திலும். இந்த மண்டபம் இருக்கும் இடமும் அன்று அந்தச் சூட்டுக்குள் இருந்தது. பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் அடுத்த வரியில் 'விரிவு' என்று எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விரிவது தெரிந்துவிட்டால், பின்னோக்கிப் போகப் போக எல்லாம் நெருங்கிச் சூடாக இருந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்குச் சாட்சி உண்டா? உண்டு. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் இருவரும் ஒரு பெரிய கொம்பு வடிவ வானலை வாங்கியில் விடாத இரைச்சலைக் கேட்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள், அது போகவில்லை. பேரண்டத்துக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் வயதானபோது முதன்முதலாகத் தடையின்றிப் புறப்பட்ட ஒளியின் மிச்சம் அது. அன்று ஏறத்தாழ 3000 டிகிரிச் சூட்டில் இருந்தது, விரிந்து விரிந்து இன்று மைனஸ் 270 டிகிரியில் நுண்ணலையாக வருகிறது. விண்வெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்த ஒளித்துகள்கள் 400-க்குக் குறையாமல் இருக்கின்றன. பூக்கார அம்மா அன்றிரவு வானத்தை நோக்கிக் கையை நீட்டியிருந்தால் அவர் உள்ளங்கையிலும் வந்து விழுந்திருக்கும்.

இன்னொரு சாட்சி ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்தது. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் கருவிகளோடு நின்றார்கள். சூரிய நிறமாலையில் தென்பட்ட, அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற பெயருக்கு வழிவிட்டது. விண்மீன்களுக்குள் ஹீலியம் உண்டாகிறது என்பது உண்மை. ஆனால் பேரண்டத்துச் சாதாரணப் பொருளின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியம் என்றால், அவ்வளவையும் விண்மீன்கள் சமைத்திருக்க முடியாது. முதல் சில நிமிடங்களின் சூட்டைக் கணக்கிட்டால் அதே கால் பங்கு வருகிறது.

இவ்வளவும் ஆண்டுக் கணக்கில் மனத்துக்குப் பிடிபடாது. ஆகவே நடந்து பார்ப்போம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டு. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 100 கோடி ஆண்டு, ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம், ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம். நம் ஊர்ப் பாதைக்கும் இந்த வயதுக்கும் இப்படியொரு பொருத்தம் தற்செயலாக அமைந்திருக்கிறது. ஆசிரியர்கள் இதை வீணாக்கக் கூடாது.

ராஜகோபுர வாசலில் புறப்படுகிறோம். முதல் காலடி முழுதாக விழுவதற்குள், ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், நான் சொன்ன பழைய ஒளி புறப்பட்டுவிட்டது. பிறகு இருட்டு. நூறு, இருநூறு மீட்டர் போனால் முதல் விண்மீன்கள் பற்றிக்கொள்கின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டி 2024-இல் உறுதியான, அதுவரை அறிந்ததில் மிகத் தொலைவான திரளின் ஒளி, முந்நூறு மீட்டருக்குள் புறப்பட்டது. பால்வெளியின் பழைய விண்மீன்கள் வருகின்றன, எரிகின்றன, சாகின்றன. கால் வலிக்கத் தொடங்குகிறது, சூரியனைக் காணோம். ஒன்பது கிலோமீட்டர் தாண்டிய பிறகே சூரியனும் பூமியும் பிறக்கின்றன. வட தமிழகத்தின் இந்தக் கடினப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அப்படியானால் எந்த மலையைச் சுற்றுகிறோமோ அந்த மலையின் கல்லே பதினோரு கிலோமீட்டர் வரை உண்டாகவில்லை! டைனோசர்கள் மறைவது கடைசி 66 மீட்டரில். கார்த்திகை மீன்கள் பிறந்ததும் அவற்றின் காலத்தில்தான், கடைசி நூறு மீட்டர் சுமாருக்கு. நம் இனத்து மனிதர் கடைசி ஒரு சாண் சொச்சத்தில். சங்கப் பாடல்கள் இரண்டு மில்லிமீட்டர். ராஜகோபுரம் அரை மில்லிமீட்டர்.

இந்த ஊரில் இந்தப் பொருளைப் பேசும்போது ஒரு கவர்ச்சி வரும். அடிமுடி காணா நெருப்புத் தூணின் கதை நம்முடையது. "பெருவெடிப்பை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். அதைச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். விரியும் பேரண்டத்தைக் கணக்கிட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கோட்பாட்டை மறைநூலுக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நாளைக்குக் கணக்கு மாறினால் நம்பிக்கையும் சேர்ந்து ஆட்டம் காணுமே!

நம் தலபுராணக் கதையில் என்னை ஈர்ப்பது வேறொன்று. முடியைக் காணாத பிரமன் கண்டதாகச் சொல்கிறான். தாழம்பூ பொய்ச் சாட்சி சொல்கிறது. அதனால் பிரமனுக்குத் தனிக்கோயில் வழிபாடு இல்லாமல் போனது, தாழம்பூ சிவபூசைக்கு ஆகாததாயிற்று. காணாததைக் கண்டதாகச் சொல்வது அவ்வளவு பெரிய குற்றம் என்று நம்பிய ஊர் இது. பூக்கார அம்மாவின் கேள்வி அந்தக் கதையின் மண்ணிலிருந்துதான் வந்திருக்கிறது.

ஆகவே நாம் காணாததையும் சொல்ல வேண்டும். பேரண்டத்தில் நாமறிந்த சாதாரணப் பொருள் 5 விழுக்காடு. 27 விழுக்காடு கரும்பொருள், 68 விழுக்காடு கரும் ஆற்றல். இரண்டுக்கும் நாம் வைத்திருப்பது பெயர் மட்டும். பேரண்டம் இன்று விரியும் வேகத்தை இரண்டு வழிகளில் அளந்தால், வானியலர் வைத்திருக்கும் அலகில் ஒன்று 67 என்றும் மற்றது 73 என்றும் வருகிறது. யார் கணக்கில் பிழை என்ற வழக்கு தீரவில்லை. நாளை பிற்பகல் அமர்வு அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

தெரிந்ததற்குத் திரும்புவோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து அடங்கிய வெண்குறு விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதன் விடை; இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல் 1.4 மடங்கு. அந்த எல்லையை நெருங்கி வெடித்துச் சிதறும் விண்மீன்களிலிருந்துதான் பேரண்டத்து இரும்பில் பெரும்பங்கு வந்தது. தீபக் கொப்பரையைத் தோளில் சுமந்து மலையேறுவோரின் ரத்தத்தில் ஓடும் இரும்பும் அதில் சேர்த்தி. அவர்கள் ஏற்றும் தீபத்தையும் பாருங்கள். காடாத் திரியிலும் நெய்யிலும் உள்ள கரி விண்மீன்களுக்குள் சமைந்தது. நெய்யில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கருவோ முதல் நொடியிலேயே உருவாகி, கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டரையும் நடந்து வந்தது.

இங்கிருந்து வடமேற்கே, நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள், சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தது இருட்டுக்காகவும், 12½ டிகிரி அட்சரேகையில் வடவானம் தென்வானம் இரண்டும் தெரியும் என்பதற்காகவும். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் அடையாளம் காணப்பட்ட இரவில் காவலூரின் தொலைநோக்கியும் அவற்றின் தடயத்தைப் பதிவு செய்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டபோது அதைக் கனவு கண்ட பாப்பு உயிரோடு இல்லை, 1982-இல் மறைந்துவிட்டார். நம் மாவட்டத்திலும் அதே மலைத்தொடர் நீள்கிறது. அங்கே வைக்கும் தெருவிளக்குகளுக்கு மேல்பக்கம் மூடி போட வேண்டும் என்று இந்தக் கருத்தரங்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் மகிழ்வேன்.

இன்றிரவு ஏழரை மணிக்கு வெளியே மைதானத்தில் தொலைநோக்கிகள் வைக்கிறோம். பூக்கார அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வியாபாரம் முடிந்ததும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டுரையாளர்கள் எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.