ஆரூரில் தொடங்கிய நீதிப் பயணம்
(கெப்பாலா பத்தாஸ் ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவாரூர் என்றதும் அடியார் நெஞ்சில் முதலில் தோன்றுவது தியாகேசப் பெருமானின் திருவுரு. அடுத்துத் தோன்றுவது ஆழித்தேர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று அவ்வூரின் பெருமையை முன்னோர் கூறுவர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், தன் மகன் என்றும் பாராமல் மனுநீதிச் சோழன் அவன்மீது தேரைச் செலுத்தத் துணிந்ததும் அவ்வூரில்தான் என்று பெரிய புராணம் விரித்துரைக்கும். அத்தகைய தலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்திற்குக் கிராமக் கணக்கரிடம் உதவியாளாக இருந்தான். அச்சிறுவனே பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய சர் தி. முத்துசாமி ஐயர்.

அவர் பிறந்தது 1832-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில். தந்தையார் இளமையிலேயே மறையவே, தாயுடன் திருவாரூருக்கு வந்தார். சில காலத்திற்குள் அந்தத் தாயும் மறைந்தார். கல்லூரி அறியாத, உறவின் ஆதரவும் குன்றிய அந்த வயதில் அவருக்குக் கிடைத்தது கணக்கர் வீட்டுத் திண்ணையும் எழுதுகோலுமே.

இவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தெருவிளக்கின் கீழ்ப் படித்த கதையையே கூறி முடித்துவிடுவர். நல்ல கதைதான், மாணவர்க்கு ஊக்கம் அளிப்பதுந்தான். ஆயினும் அக்கதை ஒன்றை மறைத்துவிடுகிறது. வெளிச்சம் மட்டும் கிடைத்தால் எவரும் நீதிபதியாகிவிடலாம் என்பது போல் அது ஒலிக்கிறது. ஆரூரில் அவர் பெற்ற பயிற்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கிராமக் கணக்கரின் ஏடு என்பது வெறும் கூட்டல் கழித்தல் அன்று. எது நஞ்சை, எது புன்செய், எது கோயிலுக்கு விடப்பட்ட மானிய நிலம், எவர் பெயரில் பட்டா, எவர் குத்தகை, தீர்வை எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பன அனைத்தும் அதில் அடங்கும். கோயிலைச் சூழ்ந்து வாழும் ஊரில் ஒவ்வொரு வேலி நிலத்துக்கும் பின்னால் ஓர் உரிமையும், உரிமைக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்கும். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையும், வரப்புத் தகராறும், வாரிசு யார் என்ற கேள்வியும் முதலில் வந்து நிற்பது கணக்கரின் முன்னேதான். அவற்றைப் படியெடுத்து எழுதிய சிறுவன் உரிமைச் சட்டத்தின் அரிச்சுவடியைச் சட்டப் புத்தகம் காணுமுன்பே கற்றுக்கொண்டான் என்று சொல்வது மிகையாகாது.

ஆவணத்தின் அருமை சைவர்க்குப் புதியதன்று. திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் முதியவராக வந்து வழக்காடிய வரலாற்றை அறியாதார் யார்? சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை; மூல ஓலையோ முதியவரிடம் பத்திரமாக இருந்தது. சபையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, கையெழுத்தோடு கையெழுத்தை ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர். மூலத்திற்கும் படிக்கும் உள்ள வேறுபாடும், கையெழுத்தை ஒப்பிடும் முறையும் இன்றும் நீதிமன்றங்களில் நாள்தோறும் பேசப்படுவனவே. அந்தச் சுந்தரர் தம்பிரான் தோழராய்ப் பின்னர் வாழ்ந்ததும் இதே ஆரூரில் என்பது நினைக்கத்தக்கது.

இனி, அச்சிறுவனைக் கண்டெடுத்த பெரியவரைக் கூற வேண்டும். அக்காலத்தில் அங்கே தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஆற்றின் கரை உடைந்ததாக ஒரு நாள் செய்தி வர, போய்ப் பார்த்து வர அலுவலகத்தில் வேறு எவரும் இல்லாமையால் இச்சிறுவனே சென்றான் என்றும், சேதத்தையும் அதைச் சீர்செய்யத் தேவையானவற்றையும் பிழையின்றிக் குறித்து வந்தான் என்றும் அவரது வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். சிறுவன் சொல்லை முதலில் நம்பாத தாசில்தார், மூத்த எழுத்தரைக் கொண்டு சரிபார்த்து வியந்தாராம். வியந்ததோடு அவர் நிற்கவில்லை. சென்னையில் படிக்கச் சென்ற தம் மருமகனுக்குத் துணையாக இவரையும் அனுப்பி, ஆங்கிலக் கல்வி பெற வழி செய்தார். ஓர் ஏழைப் பையனின் கணக்கு சரியாக இருந்ததைப் பாராட்டும் அதிகாரிகள் பலர் உண்டு. அவனது பயணச் செலவையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சென்னையில் ஆண்டுதோறும் பரிசுகளும் உதவித்தொகைகளும் அவரைத் தேடி வந்தன. 1854-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியொன்றில் 500 ரூபாய்ப் பரிசு பெற்றார். மாதம் ஒரு ரூபாய் பெற்றவருக்கு அது நாற்பத்தோர் ஆண்டுச் சம்பளத்திற்கும் மேற்பட்டது! பின்னர்ப் பிளீடர் தேர்வில் தேறித் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். 1859-இல் தஞ்சையில் துணை கலெக்டர், 1865 முதல் தென் கன்னடத்தில் சார்பு நீதிபதி, 1868-இல் சென்னையில் மாஜிஸ்திரேட் எனப் படிப்படியாக உயர்ந்தார்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உள்ளது. சட்டத்தில் பட்டம் பெற்ற பின் அவர் நீதிபதியாகவில்லை. பல ஆண்டுகள் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புகளும் எழுதிய பின்னர், சென்னையில் பதவி வகித்துக்கொண்டே சட்டப் படிப்பை முடித்தார். வேலை முதலில் வந்தது. பட்டம் அதன் பின்னால் நடந்து வந்தது.

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உயர் நீதிமன்றத்து ஐரோப்பிய நீதிபதி ஒருவர், தம் மனைக்குள் நுழைந்த இந்தியன் ஒருவனை அடித்துவிட்டார். வழக்கு முத்துசாமி ஐயரிடம் வந்தது. தமக்கு மேலான பதவியில் இருந்த அந்த வெள்ளை நீதிபதியை அழைத்து விசாரித்து அபராதம் விதித்தார் அவர். தொகை மூன்று ரூபாய்தான். எனினும் அக்காலத்தில் அந்த மூன்று ரூபாயின் எடை எவ்வளவு என்பதைப் பெரியோர்கள் அறிவர். ஆரூர் வீதியில் அசைந்த ஆராய்ச்சி மணி இவர் செவியில் ஓயவில்லை போலும்!

1877-இல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதி. 1895 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இக்கரையில் இருப்போர்க்கு இவ்வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பினாங்கும் நீதி வரலாற்றில் பழைய ஊரே. 1807-இல் வழங்கப்பட்ட அரச சாசனத்தால் ஜார்ஜ் டவுனில் நீதிமன்றம் அமைந்தது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் வைக்குமுன்பே இங்கு வழக்குகள் நடந்தன. இன்றும் லைட் ஸ்திரீட்டில் உயர் நீதிமன்றம் நிற்கிறது. கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த் சென்று, படகிலோ பாலத்திலோ கடந்தால் எட்டிவிடும் தூரம்.

ஆனால் சட்டம் படித்த நம் பிள்ளைக்கு அந்தத் தூரம் சில வேளை மிக நீண்டுவிடுகிறது. 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டப்படி, பட்டமும் தகுதியும் பெற்றவர் ஒன்பது மாதங்கள் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். சேம்பரிங் என்று எல்லோரும் வழங்குவது இதனையே. பயிற்சி அளிப்பவர் குறைந்தது ஏழு ஆண்டுகள் தொழில் நடத்தியவராக இருத்தல் வேண்டும். கோப்புகளை ஒழுங்குசெய்வதும், நீதிமன்றப் பதிவகத்தில் காத்திருப்பதும், மூத்தவர் பின்னால் நின்று குறிப்பெழுதுவதுமே தொடக்க நாள்களின் வேலை. கணக்கர் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொண்டால் அவ்வேலை இழிவாகத் தோன்றாது.

இடர்ப்பாடு வேலையில் அன்று, இடம் கிடைப்பதில்தான். குடும்பத்தில் வழக்கறிஞர் இருக்கும் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவது, தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைக்குப் பல கடிதங்கள் அனுப்பியும் முடிவதில்லை. அப்பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் குறைவில்லை. அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லை, அவ்வளவே. பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் படியும் அறை வாடகைக்கும் பயணத்திற்கும் சரியாகிவிடும். ஆலயங்களில் உபயம் ஏற்கும் அன்பர்களுள் வழக்கறிஞர்களும், அவர்களை நன்கு அறிந்த வணிகர்களும் உள்ளனர். ஒரு பிள்ளையை அழைத்துச் சென்று, "இவன் நம் கோயில் பிள்ளை, ஒன்பது மாதம் உங்களிடம் இருக்கட்டும்" என்று சொல்ல அவர்களால் இயலும். நாயக்கர் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

பயிற்சி முடிந்து வழக்கறிஞராக ஏற்கப்படும் நாளில், கறுப்பு அங்கி அணிந்து அப்பிள்ளை உயர் நீதிமன்றத்தில் நிற்பான், அல்லது நிற்பாள். மூத்த வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, மனுதாரர் எவ்வூரைச் சேர்ந்தவர், பெற்றோர் யாவர், எவரிடம் பயிற்சி பெற்றார் என்று நீதிபதியிடம் எடுத்துரைப்பார். பின்வரிசையில், அன்று அரைநாள் விடுப்பெடுத்து வந்து, சேலை மடிப்பைச் சரிசெய்தபடி அமர்ந்திருக்கும் தாய், தம் பெயர் அந்த மன்றத்தில் உரக்கச் சொல்லப்படுவதைக் கேட்பார்.