பொம்மைக் காரும் பழைய பெயின்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"உங்க பொழுதுபோக்கைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பழைய உலோகப் பொம்மைக் கார்களின் பெயின்டை உரித்துப் புதுப்பிப்பதுதான் என் பொழுதுபோக்கு. சிரிக்காதீர்கள். இதில் ஒரு செமஸ்டருக்கான வேதியியலும் உலோகவியலும் அடங்கியிருக்கிறது.

முதலில் நம்ம ஏரியாப் பெருமை. பொத்தேரியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பக்கம் மறைமலை நகர். 2022 வரை ஃபோர்டு கார்கள் அங்கே தயாராயின. இன்னொரு பக்கம் வண்டலூரைத் தாண்டினால் பெருங்களத்தூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து பத்தாண்டு காலம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் காலத்தில் வீட்டு வாசலில் ஹெரால்டு நின்றால் தனி மரியாதை!

வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு ஹெரால்டு கிடைத்தது, விரல் நீளத்தில். இங்கிலாந்தின் டின்கி நிறுவனத்துப் பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் செய்தார்கள். அவற்றில் ஹெரால்டும் ஒன்று. இப்படிப்பட்ட கார்கள் இன்றும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஆனால் கேட்டுக்கு அடித்து மிச்சமான பச்சை எனாமலை எவனாவது ஒரு அண்ணன்காரன் அதன் மேல் பூசி வைத்திருப்பான். அதை எடுப்பது எப்படி?

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: எடுக்கத்தான் வேண்டுமா? கம்பெனியில் அடித்த பெயின்டு பாதியாவது மிஞ்சியிருந்தால் தொடாதீர்கள். சேகரிப்பவர்கள் அடிபட்ட அசல் பெயின்டுக்குத் தரும் மதிப்பைப் பளபளப்பான புதுப் பெயின்டுக்குத் தருவதில்லை. உரித்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மேலே வேறு பெயின்டு பூசியிருந்தாலோ, அசல் பெயின்டு முழுக்கப் போயிருந்தாலோ மட்டும் கை வையுங்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் உலோகம் என்ன என்று தெரிய வேண்டும். அது இரும்பு அல்ல, துத்தநாகக் கலவை. சுமார் 4 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். 400 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். அதனால்தான் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, நம்பர் பிளேட் எழுத்து வரைக்கும் வார்க்க முடிகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் எனாமலைக் காஸ்டிக் சோடா சோப்பாக மாற்றிக் கழற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் துத்தநாகம், அலுமினியம் இரண்டையுமே காரம் அரிக்கும். கரைசலில் குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். அதாவது உங்கள் காரே கரைந்துகொண்டிருக்கிறது! ராத்திரி முழுக்க ஊறவைத்தால் காலையில் பெயின்டோடு கதவுக் கோடும் காணாமல் போயிருக்கும். கண்ணில் ஒரு சொட்டு பட்டால் பார்வைக்கே ஆபத்து. காஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

நான் செய்யும் முறை இதுதான். காரைத் திருப்பிப் போட்டு, அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் பிட்டால் மெதுவாகச் சீவி எடுப்பேன். கண்ணாடி, சீட், டயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி கூழாகிவிடும். உலோக உடலை மட்டும் கண்ணாடி பாட்டிலில் போட்டு, அது மூழ்க அசிட்டோன் ஊற்றி, இறுக மூடி ஒருநாள் வைப்பேன். கரைப்பான் உள்ளே நுழைந்து பெயின்டு படலத்தை உப்பவைக்கும். பிறகு பழைய பல் பிரஷ் போதும். உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. சூளையில் சுட்ட கம்பெனிப் பெயின்டு பிடிவாதம் பிடிக்கும். அதற்கு இரண்டு மூன்று முறை பொறுமையாக ஊறவைக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் கூடாது. மொட்டை மாடியில் செய்யுங்கள்.

கடையில் கிடைக்கும் சில ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். நிமிஷத்தில் உரித்துவிடும். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொல்லும். உயிர்ச்சேதம் ஏற்பட்டதால்தான் 2019-ல் அமெரிக்காவில் அந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை விதித்தார்கள்.

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டுக்கு 90 பி.பி.எம். என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பெயின்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரித்த கசடைச் சமையலறைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். பெயின்டு உரியும் பழைய காரைப் பேரனிடம் கடிக்கக் கொடுக்கவும் வேண்டாம். "நாங்கள்லாம் அதோடதானே வளர்ந்தோம்" என்று சொல்லாதீர்கள்.

பெயின்டு போன பிறகு சில கார்களில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். வார்க்கும்போது கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டாலே பல வருஷம் கழித்து உலோகம் உள்ளிருந்து பொடிந்துபோகும். அதற்கு மருந்து இல்லை. நன்றாக இருந்தால் கழுவி, உலர்த்தி, கைரேகை படாமல் துத்தநாகத்துக்கு ஏற்ற பிரைமர் அடித்துவிடுங்கள். வழவழப்பான துத்தநாகத்தில் சாதாரணப் பெயின்டு நேராகப் பிடிக்காது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்டைத் தாக்க வேண்டும், உலோகத்தைத் தொடக் கூடாது, இதுதான் கணக்கு. எது வேகமாக உரிக்கும் என்று கேட்காதீர்கள், எது அடியில் இருப்பதை விட்டுவைக்கும் என்று கேளுங்கள். நாளைக்குப் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தாலும் இதே கேள்விதான்.

நண்பர்களே, அடுத்த சந்திப்புக்கு வரும்போது பரணைக் கொஞ்சம் துழாவிவிட்டு வாருங்கள். கிடைத்ததைக் கொண்டுவந்தால், உரிப்பதா வேண்டாமா என்று எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.