ஸ்குரூஜ் மாறினான், பௌண்டர்பி மாறவில்லை



நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து, ஜெரெஜாக் தீவில் அடைபட்டுக் கிடந்து, பிறகு இந்தப் பினாங்கு வழியாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள் நம் பாட்டன்மார். அவர்கள் துரையைக் கண்டார்கள். துரையின் சொந்த நாட்டில் ஏழை பட்ட பாட்டை அவர்கள் அறியார்கள். அதை எழுதி வைத்தவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1824இல், 12 வயதில், சப்பாத்து மைத் தொழிற்சாலையில் சீட்டு ஒட்டிய பிள்ளை அவர். அதே வருடம் தகப்பனார் கடனுக்காகச் சிறையில் இருந்தார்.

1843இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் கதையில் ஸ்குரூஜ் என்றொரு கருமி. அவனிடம் ஒரு கிராணி, வாரச் சம்பளம் 15 ஷில்லிங். குளிர்காய நிலக்கரி கேட்கவும் பயந்து, மெழுகுவத்திச் சுடரில் சூடு தேடுகிறான். ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்பதற்கு, தன் பையில் கை விட்டுத் திருடியதுபோல் முதலாளி புலம்புகிறான். (நம் கிராணிமார் சிரிப்பது கேட்கிறது!) பிறகு ஓர் இரவில் ஆவிகள் வந்து மிரட்ட, அவன் மனம் மாறிச் சம்பளத்தை உயர்த்துகிறான். கேட்க இனிமையான கதைதான். ஆனால் நம் தோட்டங்கள் பலவற்றுக்கு முதலாளிகள், நெடுங்காலம், லண்டன் கம்பெனிகளின் பங்குதாரர்களாக இருந்தார்கள். எத்தனை கட்டிலருகே ஆவி போய் நிற்கும்? 2013இல் மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாக நடைமுறைக்கு வந்தது எந்த ஆவியும் சொல்லியல்ல.

1854இல் வந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலின் பௌண்டர்பி வேறு ரகம். பஞ்சாலை முதலாளி, வங்கிக்காரன். தாய் கைவிட்ட அநாதை, தன் முயற்சியால் உயர்ந்தவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறான். தாயோ உயிரோடு இருக்கிறாள்! அன்பாய் வளர்த்துப் படிக்க வைத்தவள். ஆண்டுக்கு 30 பவுன் கொடுத்து, பக்கத்தில் வராதே என்று அவளை ஒதுக்கி வைத்திருக்கிறான். குறை சொல்லும் தொழிலாளி எவனும் தங்கக் கரண்டியில் ஆமைச் சூப்புக் கேட்கிறான் என்பது அவன் கணக்கு. சங்கத்தில் சேராத ஸ்டீபன் என்ற நெசவாளி, சங்கத்தாரைப் பழித்துப் பேச மறுத்து அவர்களுக்காகவே வாய் திறந்தபோது, அவனுடைய வேலையும் போயிற்று. பௌண்டர்பி கடைசிவரை மாறவில்லை. கருமியைவிட இவன் நமக்குப் பழகிய முகம் என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனால் ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்நாவலில் சங்கப் பேச்சாளனை டிக்கன்ஸ் வெறும் வாய்ச்சவடால்காரனாகக் காட்டிவிட்டார். 1854 ஜனவரியில் அவரே பிரஸ்டன் நகருக்குப் போனார். 10 சதவீதக் கூலி உயர்வு கேட்டு நின்ற பஞ்சாலைத் தொழிலாளரின் கூட்டத்தைப் பார்த்தார். அவர்களுடைய ஒழுங்கையும் பொறுமையையும் தம் பத்திரிகையில் மெச்சி எழுதினார். கண்ணால் கண்டது கட்டுரையில் இருக்கிறது, கதையில் இல்லை.

கிராணிமார்களே, நாவலைப் பால்வெட்டும் தோழர்களுக்கு வாசித்துக் காட்டும்போது அந்தக் கட்டுரையையும் சேர்த்தே வாசியுங்கள்.