போர்ஷ் காரும் எங்கள் ஊர் ரோடும்



"போர்ஷ் கார் ஓட்டினாயாமே, அதைப் பற்றிப் பேசு" என்று செயலர் சொல்லிவிட்டார். மெக்கானிக்கல் படித்துவிட்டு இத்தனை வருஷமாக பிரேக் பாகங்கள் வடிவமைக்கிற வேலையில் இருப்பவன் நான். அதனால் பேச்சில் கொஞ்சம் தொழில் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் போர்ஷ் 911 டர்போ எஸ். என்னுடையது இல்லை. விலை மூன்று கோடிக்கு மேல்; தெரிந்தவர் ஒருவர் வாங்கியது. 2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டக் கொடுத்தார். இங்கே வந்திருக்கும் மூத்தவர்களுக்குச் சோழவரம் ஞாபகம் இருக்கும். பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் விடுவார்கள். அதற்குப் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியதுதான் இருங்காட்டுக்கோட்டை டிராக், 1990-ல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இங்கே ஓட்டிப் பழகியவர்தான்.

காருக்கு ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 650 குதிரைத்திறன். இன்ஜின் பின்னால் இருக்கிறது. அதிகபட்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். நிற்கிற நிலையிலிருந்து 100-ஐத் தொட 2.7 விநாடி என்று கம்பெனி சொல்கிறது. ஊரில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். "நம்ம கிணத்துல ஒரு கல்லைப் போட்டா 2.7 விநாடியில அது 95 கிலோமீட்டர் வேகத்துக்கு வரும்ப்பா. இந்தக் கார் தரையில ஓடியே அந்தக் கல்லை முந்திடும்" என்றேன். (அதற்குக் கிணறு நூறடிக்கு மேல் ஆழம் வேண்டும், அது வேறு விஷயம்.)

முதல் தடவை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபோது மூச்சு வெளியே வரவில்லை. பின்மண்டை சீட்டில் ஒட்டிக்கொண்டது. பயம் என்று சொல்ல முடியாது. பயப்பட நேரமே கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாவது சுற்றுக்குள் அது பழகிவிட்டது. வேகம் அப்படித்தான், சீக்கிரம் பழகிவிடும். அதுதான் அதில் இருக்கிற ஆபத்தும்.

பழகாதது பிரேக். நேர்ப்பாதையில் முள் 200-ஐத் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்றுநர், "இன்னும் வேண்டாம்... இன்னும் வேண்டாம்... இப்ப மிதிங்க!" என்றார். வளைவு முகத்துக்கு நேரே வந்துவிட்டது, இனி நிற்காது என்றுதான் தோன்றியது. மிதித்தேன். யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்த மாதிரி, மூன்றே விநாடியில் கார் 80-க்கு வந்துவிட்டது. ஸ்டீயரிங் ஆடவில்லை. பின்னால் இருக்கிற இறக்கை கூட நிமிர்ந்து காற்றைத் தடுக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மூன்று விநாடியில் பிரேக் விழுங்கிய சக்தி ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அடுத்த வளைவில் மறுபடி அதே வேலை, சுற்றுக்குச் சுற்று. முன் சக்கரத்து டிஸ்க் 420 மில்லிமீட்டர் விட்டம், வார்ப்பிரும்பு இல்லை, கார்பன் செராமிக். 650 குதிரையைக் கட்டிப் போட என்ன வேண்டும் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் குதிரையைப் பூட்டியிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் போகிற ரோட்டில் அறுவடைக் காலத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல் வைத்து. போர்ஷ் அங்கே வேகத்தடை தாண்டுவதே சந்தேகம். ஆனால் நம் தம்பிகளின் பைக் எல்லாம் தாண்டும். ராத்திரி எட்டு மணிக்கு 80-ல் வருகிறீர்கள். முன்னால் ஏதோ கிடக்கிறது என்று மூளைக்கு எட்ட ஒரு விநாடி, அதற்குள் 22 மீட்டர் போயாகிவிட்டது. நல்ல ரோட்டில், நல்ல பிரேக்கில், பிறகு நிற்க இன்னும் 40 மீட்டர். நெல்மேல் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. டயருக்கும் தாருக்கும் நடுவில் நெல்மணி பேரிங் குண்டு மாதிரி உருளும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் அப்படி ஒரு நெல் ரோட்டில்தான் போய்விட்டான். 60-ல்தான் வந்தான் என்றார்கள். பைக் வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. இன்ஜின் எத்தனை சி.சி., எவ்வளவு பிக்அப் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பிரேக்கைப் பற்றி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆகையால் தம்பிகளே, விடுதி வாசலில் புது வண்டி வந்தால் பின் சக்கரத்தில் டிரம்மா டிஸ்க்கா, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். காலியான மைதானத்தில் 40-ல் ஒரு முறை, 60-ல் ஒரு முறை நிறுத்திப் பார்த்து, தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்குக்கு மேல் வரும். இயற்பியல் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் காலால் அளந்தால் மறக்காது.

முன்வரிசையில் ஒரு தம்பி, மைலேஜ் என்ன என்று கேட்கிறார். டிராக்கில் ஓட்டும்போது அதை மட்டும் கேட்கக் கூடாது தம்பி. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.