எண்ணி எடுத்த இழைக்கு என்ன விலை?



ஊட்டியைச் சுற்றியுள்ள மந்துகள் என்னும் சிற்றூர்களில் தோடர் பெண்கள் பூவேலை செய்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். துணிமேல் கோடு எதுவும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி நகரும். ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். இந்தக் கைவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு பெயரைக் காக்கும். கூலியைக் காக்க வேண்டியது கணக்குதான். துணிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு என்று எழுதுகிற பெண், தன் உழைப்பை மட்டும் "வீட்டில் சும்மா இருந்த நேரம்தானே" என்று விட்டுவிடுகிறாள். தையல், ஊறுகாய், சாக்லேட் என்று எந்தத் தொழிலானாலும் முதல் நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, விலையைக் கணக்கிட்டாயிற்று. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் வியாபாரி வாசலில் வந்து நின்றால், தனியொருத்தி அந்த விலையில் நிற்க முடியுமா? அங்கேதான் கூட்டு வேண்டும்.

கோத்தகிரியில் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' 2013இல் தொடங்கப்பட்டது. பழங்குடி மக்களே அதன் பங்குதாரர்கள். மலைத்தேனை எடுத்தபின் மிஞ்சும் மெழுகு, ஊர்களிலேயே உள்ள உற்பத்தி மையங்களில் பெண்களின் கைபட்டு சோப்பாகிறது, தைலமாகிறது. மிளகும் காப்பியும் அங்கேயே பக்குவமாகின்றன. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு நாளே போய்விடும் மலையில், வேலை வீட்டருகே வருவது பெரிய உதவி. 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர் பரிசு' இந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

கடனும் தேவைதான். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்த வழியைத் திறந்துவிட்டன. ஆனால் நம் மலையில் ஏப்ரல், மே சீசனில் கடை நிரம்பும். ஜூனில் மழை இறங்கினால் தெரு வெறிச்சோடும். தவணையோ மாதம் தவறாமல் வரும். சீசன் பணத்தில் மழைக்கால மாதங்களின் தவணையை முதலில் எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவுக்கும் தொழிலுக்கும் தனித்தனி நோட்டு போடுங்கள்.

சகோதரிகளே, இன்று இரவே அந்தத் தொழில் நோட்டை எடுங்கள். துணி, நூல் என்று எழுதிய வரிகளுக்குக் கீழே, 'என் நாள்கள்' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கும் ஒரு தொகை போடுங்கள். வாங்க வருகிறவர்களே, பேரம் பேசும் முன் அந்த வரியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.