பாயில் தொடங்குவதல்ல யோகம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிரம்பானுக்குத் தெற்கே உள்ள ரந்தாவ் வட்டாரத்தில் நான் பல ஆண்டுகளாக யோகாசனம் கற்றுக் கொடுத்து வருகிறேன். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நடக்கும் சாதாரண வகுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் சீவிய பெண்கள். இப்போது தாமான் வீடுகளில் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி, இனிப்பு நீர் ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாதவரை அங்கே பார்ப்பது அபூர்வம்.

இவர்கள் என்னிடம் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். யோகா என்பது உடற்பயிற்சியா, சாமி கும்பிடுவதா? மற்ற மதத்தவர்கள் இதைச் செய்யலாமா? காலையே மடக்க முடியாத நான் எப்படி யோகா செய்வது? இந்த மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்ற ஊரில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் குப்புசாமி. மருத்துவம் படித்து, திருச்சியில் ஒரு மருத்துவ இதழை நடத்திவிட்டு, 1913இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். அவருக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? நம்முடைய நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்கே பணி. பிறகு ஜொகூரில் சில ஆண்டுகள். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவர்தான் உலகம் அறிந்த சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கியவர். அந்தக் கழகத்தின் ஆசிரமம் பத்துமலையில் இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

அவருடைய சீடர்கள் யோகத்தை உலகெங்கும் கொண்டுபோனார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழரான சுவாமி சச்சிதானந்தர், 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசினார். சுவாமி விஷ்ணுதேவானந்தர் கனடாவில் நிலையம் அமைத்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் உருவாக வழி செய்தார். இன்று நியூயார்க்கில் ஒருவர் பாய் விரித்துச் சூரிய நமஸ்காரம் செய்கிறார் என்றால், அதற்குப் பின்னால் நம் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த ஒரு தமிழ் டாக்டரும் இருக்கிறார்.

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த டாக்டர் நம் தோட்டத்தில் இருந்தபோது ஆசன வகுப்பு எதுவும் நடத்தியதாகத் தெரியவில்லை. மலேரியாவும் வயிற்றுப் போக்கும் வாட்டிய காலத்தில், கூலி வேலைக்கு வந்த ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். பணம் இல்லாதவருக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நோயுற்று வந்த ஒரு சாதுவுக்கு வைத்தியம் பார்த்தபோது அவர் கொடுத்த ஒரு வேதாந்த நூல்தான் டாக்டரின் மனத்தைத் திருப்பியது என்றும் சொல்வார்கள். அப்படியானால் அவருடைய யோகம் எங்கே தொடங்கியது? இமயமலையிலா? இல்லை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொடங்கியது. சேவை, அன்பு, தானம், தூய்மை, தியானம், ஞானம் என்று அவர் பின்னாளில் வகுத்த வரிசையில் சேவை முதலில் நிற்பது தற்செயல் அல்ல.

இனி முதல் கேள்விக்கு வருவோம். உடற்பயிற்சியா, சாமி கும்பிடுவதா?

யோகத்துக்கு அடிப்படையான நூல் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம். நான்கு பகுதிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள். அதில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது எத்தனை? மூன்றே மூன்று! மற்றவற்றில் பெரும்பாலானவை மனத்தைப் பற்றியவை. அலைபாயும் மனத்தை நிலைநிறுத்துவதே யோகம் என்பது அவர் கருத்து. அதற்கு எட்டுப் படிகள் சொல்கிறார்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. ஆசனம் மூன்றாவது படி. முதல் இரண்டு படிகளில் பாயே தேவையில்லை.

தமிழர்களாகிய நமக்கு இது வெளியிலிருந்து வந்த சரக்கும் அல்ல. பதஞ்சலி தில்லையில் நடராசப் பெருமானின் ஆடலைக் கண்டவர் என்பது நம் மரபு. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டு உறுப்புகளை விளக்குகிறார். பதஞ்சலி இயமத்தில் ஐந்து ஒழுக்கங்களைச் சொன்னால், திருமூலர் அதைப் பத்தாக விரிக்கிறார். கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை, பகிர்ந்து உண்ணுதல், கள் உண்ணாமை எல்லாம் அதில் அடக்கம். சைவ நெறியிலும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று யோகம் மூன்றாவதாகத்தான் வருகிறது. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற சரியைத் தொண்டைச் செய்யாதவன் யோகத்துக்குத் தாவ முடியாது என்பது உட்பொருள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று வகுப்புகளில் நாம் செய்யும் ஆசனங்கள் எல்லாமே ஐயாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது சரியல்ல. புகழ்பெற்ற ஹட யோகப் பிரதீபிகையில் விளக்கப்படும் ஆசனங்கள் பதினைந்துதான். இன்றைய வரிசைகள் பல, மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் போன்ற ஆசான்கள் 20ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தவை. மரம் பழையது, கிளைகள் புதியவை. இதைச் சொல்வதால் யோகத்துக்குக் குறைவு இல்லை. பொய் சொல்லாமையே இயமத்தில் ஒன்றாக இருக்கும்போது, யோகத்தை விற்பதற்கு நாம் பொய் சொல்லலாமா?

ஆக, உடற்பயிற்சி யோகத்தின் ஒரு படி. அது மட்டுமே யோகம் அல்ல.

இரண்டாவது கேள்வி. இது நம் நாட்டில் உணர்ச்சியைத் தொடும் கேள்வி. 2008ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், உடலசைவோடு வழிபாடும் மந்திர உச்சரிப்பும் சேர்ந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று தேசிய ஃபத்வா மன்றம் அறிவித்தது. சில நாள்களில், மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாக மட்டும் செய்வதற்குத் தடையில்லை என்று அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி விளக்கம் தந்தார்.

அந்த வாரம் என் வகுப்பில் பெரிய விவாதம். சிலருக்குக் கோபம். வேறு சிலர், "மாஸ்டர், ஓம் சொல்வதை விட்டுவிடுங்கள், விளக்கையும் எடுத்துவிடுங்கள். வெறும் எக்சர்சைஸ் என்று போர்டு மாட்டினால் எல்லாரும் வருவார்கள்" என்றார்கள். அந்த யோசனையில் கூட்டமும் இருந்தது, வருமானமும் இருந்தது. எனக்கும் சபலம் வந்தது, மறைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வேரை மறைத்து யாரையும் உள்ளே இழுக்கக் கூடாது. அது வருகிறவருக்குச் செய்யும் துரோகம். வேரைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. அது யோகத்துக்கே துரோகம். எனவே என் வகுப்பில் விளக்கு எரிகிறது, தொடக்கத்தில் ஓங்காரம் ஒலிக்கிறது. இது இந்து சமயத்தில் வேர்விட்ட கலை என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வேறு சமயத்தவர் ஒருவர் வந்து, மூச்சுப் பயிற்சியும் முதுகுப் பயிற்சியும் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுக்கிறேன். தம் சமயம் அனுமதிக்கவில்லை என்று ஒருவர் விலகினால் அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. தம் நெறியில் உறுதியாக நிற்பவரை மதிக்கத் தெரியாதவன், தன் நெறியையும் மதிக்கத் தெரியாதவனே.

மூன்றாவது கேள்வி, காலை மடக்க முடியாதவர்களின் கேள்வி. இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஆள் சேர்க்கும் ஆசையில், முதல் வாரமே தலைகீழாக நின்று காட்டினேன். கைதட்டல் கிடைத்தது. என்னைப் பார்த்து முயற்சி செய்த ஓர் அம்மா தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. நான் கேட்கவே இல்லை. நல்ல வேளையாகப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அகிம்சையை முதல் பாடமாகச் சொல்கிறவன், ஒரு தாயின் உடம்பைத் துன்புறுத்தியிருக்கிறேன். அகிம்சையில் முதல் பரீட்சை மாணவருக்கு அல்ல, ஆசிரியருக்குத்தான் என்று அன்று புரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் நோயைக் கேட்ட பிறகுதான் பாய் விரிக்கச் சொல்கிறேன். முட்டி தேய்ந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிடுகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதும் ஆசனம்தான். அசையாமல், அதே நேரம் சுகமாக இருப்பதையே பதஞ்சலி ஆசனம் என்றார். காலை இப்படித்தான் மடக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவை நெருங்கிவிட்டோம். யோகா செய்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டாக்டராக இருந்தவர்தான் சிவானந்தர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி துணை செய்யும். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஒரு நாள் வகுப்பில் தாரணை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது என்று எவ்வளவோ சொல்லியும் யாருக்கும் பிடிபடவில்லை. முப்பது வருசம் மரம் சீவிய ஓர் அம்மா எழுந்தார். "தம்பி, விடியறதுக்கு முன்னாடி நெத்தி விளக்கோட மரத்துகிட்ட நிப்போம். உளி கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குப் புண்ணு. மேலாகப் போனா பால் வராது. அந்த நேரத்துல புருஷன் சண்டையும் ஞாபகம் வராது, கடன்காரனும் ஞாபகம் வரமாட்டான். நீங்க சொல்றது அதுதானே?" என்றார்.

மண்டபமே அமைதியாகிவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் புத்தகத்தில் படித்ததை அந்த அம்மா ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்திருக்கிறார். மரத்துக்குப் புண் வரக் கூடாது என்ற அக்கறை இயமம். கத்தி முனையில் நின்ற மனம் தாரணை. இரண்டுக்கும் அவர் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே நேயர்களே, கோயில் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது. திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் மண்டபத்தை வாரத்தில் இரண்டு மாலை நேரம் யோக வகுப்புக்குத் திறந்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வளையாத உடம்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த உடம்புகள் வளைந்து உழைத்ததால்தான் நம் பிள்ளைகள் நிமிர்ந்து படிக்கிறார்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று: ஜூன் 21ஆம் நாள் அனைத்துலக யோகா தினத்தில் படம் பிடித்துப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். அன்று வீட்டில் ஒரு கடுஞ்சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரு பொய்யை விடுங்கள், மதுப் போத்தலைத் தள்ளி வையுங்கள். அதுதான் முதல் படி. பாயை அதற்குப் பிறகு விரித்துக்கொள்ளலாம்.